நோக்காம்

மாமாவின் கிணற்றில் டேங்கரை நிறைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். கால்வாய்க் கரை மேல் ஏறுகிற இடத்தில் முப்பதடி தூரம் மேடு. அந்த மேட்டை ஒன்றரை வருஷமாக எங்கள் ட்ராக்டர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அன்றைக்கு அப்பா ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது. சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் அந்த வாடை வந்தது, முடி கருகுகிற மாதிரி. நான் மட்கார்டிலிருந்து குதித்து டேங்கர் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அப்பா இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கிளட்ச் போச்சுடா."

இது 2025 பிப்ரவரி. அதன் பிறகு ஏழு மாதம் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். யாராவது புது ட்ராக்டர் வாங்கப் போகிறவர்கள் படித்தால் நல்லது. கம்பெனி பேரும் டீலர் பேரும் எழுதவில்லை. கேட்டவரைக்கும் எல்லாக் கடையிலும் இதே கதைதான்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வண்டி நம்பர் கேஎல் 70, ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டில் பேசுவது கோயம்புத்தூர்த் தமிழ். பருத்திக்கொட்டை வாங்கப் பொள்ளாச்சிக்குப் போவோம், கையெழுத்து வாங்கச் சித்தூருக்குப் போவோம். கேரளா என்றால் மழை என்று நினைக்கிறவர்கள் ஒரு மாசி மாதம் இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். கணவாய்க் காற்று மண்ணைக் காயப்போட்டுவிட்டுப் போயிருக்கும். எங்கள் தாலுகாவுக்குத் தண்ணீர் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் வருகிறது. 1970இல் போட்ட ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். "தண்ணி ஒப்பந்தத்துல வருது, நம்ம தென்னைக்கு ட்ராக்டர்ல வருது" என்பார் அப்பா. கடைமடைக்காரர்கள் எல்லோரும் இப்படி ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள்.

ஆகவே ட்ராக்டர் எங்கள் வீட்டில் உழுகிற வண்டி என்பதைவிட இழுக்கிற வண்டி. தேங்காய் ட்ரெய்லரை இழுக்கும், தண்ணீர் டேங்கரை இழுக்கும், பள்ளத்தில் மாட்டிக்கொண்ட பால் வண்டியை இழுக்கும். மாரியம்மன் நோம்பிக்கு ட்ரெய்லரில் பாய் விரித்து ஆத்தாவையும் சொந்தக்காரப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகும். வீட்டில் கார் கிடையாது. இதுதான் குடும்ப வண்டி. 2023 ஓணத்துக்கு, கூட்டுறவு பேங்கில் கடன் போட்டு வாங்கினோம். ஜிஎஸ்டி 12 சதவீதம்.

வாரன்டி புத்தகத்தில் இரண்டு வருஷம் அல்லது 2000 மணி நேரம், எது முந்தியோ அது என்று போட்டிருந்தது. அன்றைக்கு ஹவர் மீட்டரில் 870. எனக்குக் கவலையே இல்லை. பாதிகூட ஓடவில்லையே என்று தைரியமாகப் போன் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து பைக்கில் ஒரு பையன் வந்தான். பெடலை நாலு தடவை அமுக்கிப் பார்த்தான். ஃப்ரீ பிளே குறைந்திருக்கிறது என்றான். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது முதல் ஒரு அங்குலம் சும்மா இறங்க வேண்டும். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் உள்ளே ஒரு பேரிங், பிளேட்டை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிடிப்பு முழுசாக வராது. ராடைத் திருகி சரி செய்தான். வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினான், நன்றாக ஓடியது. வெறும் வண்டி எப்போதும் நன்றாகத்தான் ஓடும். ஜாப் கார்டில் 'பெடல் அட்ஜஸ்ட்மென்ட், கஸ்டமர் திருப்தி' என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அந்தக் கையெழுத்து பின்னால் எங்களை எவ்வளவு படுத்தும் என்று அப்போது தெரியாது.

மூன்று வாரம் தாங்கியது. பங்குனி வெயில் ஆரம்பித்த நேரம், அதே மேடு, அதே வாடை.

இந்த முறை வண்டியை ஷோரூமுக்கே கொண்டு போனோம், சர்வீஸ் அட்வைசர் வாசலுக்கே வந்து கேட்டார். தங்கமான மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். எப்போது போனாலும் நாற்காலி போடுவார், டீ சொல்வார். "நோக்காம் சேட்டா, நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். பதினோரு நாள் அவர் நோக்காம், நோக்காம் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு நோக்காடு வந்ததுதான் மிச்சம். ட்ராக்டர் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை என்பது சீட்டில் கிடந்த சருகைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் ட்ராக்டரை மணிக்கு 1,100 ரூபாய் வாடகைக்குப் பேசித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம். பேங்க் தவணை தன் பாட்டுக்கு வந்தது.

பன்னிரண்டாம் நாள் தீர்ப்பு சொன்னார்கள். கிளட்ச் பிளேட் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது. பிளேட், பிரஷர் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 23,600 ரூபாய். சரி என்றால் வண்டியைப் பிரிக்கலாம்.

"870 மணி நேரத்தில் பிளேட் தேயுமா?" என்று கேட்டேன்.

"ஓட்டற ஆளைப் பொறுத்து" என்றார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "ஹாஃப் கிளட்ச்ல ஓட்டுவீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அப்பாவின் இடது கால் அவ்வளவு சுத்தம் இல்லை. பழைய வண்டியில் கற்றவர், பெடல் மேல் செருப்பு நுனி பட்டபடிதான் ஓட்டுவார். ஆனால் இதே காலோடு முந்தைய ட்ராக்டரை ஒன்பது வருஷம் ஒரே பிளேட்டில் ஓட்டினவரும் அவர்தான். அடுத்த கேள்வி டேங்கரைப் பற்றி வந்தது. எத்தனை லிட்டர்? 5,000. அப்படியென்றால் தண்ணீர் மட்டும் ஐந்து டன், டேங்க் எடை தனி, ஓவர்லோடு ஆச்சே என்றார். வண்டி விற்கும்போது இதே ஷோரூம் வாசலில், இதே அளவு டேங்கரை இந்த மாடலில் மாட்டி நிறுத்தி, இரண்டாவது கியரில் இழுத்துக் காட்டின சேல்ஸ்மேனை நான் தேடினேன். அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

மூன்றாவது கேள்விதான் சூட்சுமமானது. "வாடகைக்கு ஓட்டறீங்களா?" அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. இல்லை, நம்ம தென்னைக்குத்தான் என்று அப்பா உண்மையைச் சொன்னார்.

பணம் கட்ட மனசு வராமல் வண்டியை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வழியில் எனக்கு ஒரு யோசனை. அதே கம்பெனியின் பொள்ளாச்சி டீலரிடம் காட்டினால் என்ன? இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் வாரன்டி என்றுதானே புத்தகத்தில் இருக்கிறது? மீனாட்சிபுரம் வழியாகப் போய் நின்றேன். பேச்சு சுகமாக இருந்தது, "வாங்ணா, உக்காருங்" என்று தமிழிலேயே எல்லாம் நடந்தது. ஐந்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்தப் பக்கம் வித்த வண்டிங், கிளெய்ம் அங்கயே போட்டுக்கங்" என்றார்கள். அங்கே 'வரில்லா', இங்கே 'வராதுங்'. எல்லைக்காரனுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பதில் கிடைப்பது அபூர்வம்.

எங்கள் ஊர் முக்கில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வாரன்டி வண்டியில் கை வைக்க மாட்டார், வைத்தால் சீல் உடைத்தார்கள் என்று டீலர் பழி போடுவான் என்பார். ஆனால் பார்க்கச் சொன்னால் பார்ப்பார். ட்ராக்டருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தவர், இரண்டு நிமிஷத்தில் என்னையும் கூப்பிட்டார்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய இரும்புக் கூடு இருக்கிறது, பெல் ஹவுசிங் என்பார்கள். கிளட்ச் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூட்டின் அடிவயிற்றில் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஓர் ஓட்டை. அதில் ஒரு பிளவு ஊசி, ஸ்ப்ளிட் பின், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எதையும் தாங்கவில்லை, எதையும் பூட்டவில்லை. நான் ஏதோ கழன்று தொங்குகிறது என்று நினைத்தேன். அண்ணன் சிரித்தார். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் ஓட்டை மண்ணில் அடைக்காது. கூட்டுக்குள் எண்ணெய் இறங்கினால் வெளியே சொட்டட்டும் என்று வைத்தது. கிளட்ச் இருக்கிற இடம் வறண்டு இருக்க வேண்டும், அங்கிருந்து ஒரு சொட்டு வந்தாலும் உள்ளே வியாதி.

அந்த ஊசி நுனியில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்துக் காட்டினார். கறுப்பு.

"கியர் ஆயிலா இருந்தா தேன் கலர்ல இருக்கும் கண்ணு. இது இன்ஜின் ஆயில். கிராங்க் பின்னாடி சீல் ஒழுகுது. ஒழுகி பிளேட்டு மேல அடிக்குது. எண்ணெய் பட்ட பிளேட்டு எப்படிப் புடிக்கும்? வழுக்கும். வழுக்குனா சூடாகும், சூடானா கருகும். தேஞ்சதுன்னா சொன்னாங்க? அது தேயலை, எண்ணெயில எரியுது."

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயில் குறைந்திருந்தது. மாசத்தில் அப்பா அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். புது இன்ஜின் கொஞ்சம் குடிக்கும் என்று சேல்ஸ்மேன் சொல்லியிருந்தாராம்.

ஆக, நடந்தது என்ன? ஆயில் சீல் வாரன்டியில் வரும். அது ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரப்பர் வளையம். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் ட்ராக்டரை இடுப்பில் இரண்டாகப் பிரித்து, கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை, இரண்டு ஆள். கிளட்ச் பிளேட் வாரன்டியில் வராது. அதை விற்றால் பில் போடலாம். இரண்டுக்கும் பிரிக்கிற வேலை ஒன்றுதான். எந்தப் பேரில் பிரிக்கிறோம் என்பதில்தான் 23,600 ரூபாய் இருக்கிறது. எனக்கு இந்த ஏழு மாதத்தில் புரிந்த விஷயம் இது ஒன்றுதான்: சண்டை ஸ்பேனரில் நடக்கவில்லை, ஜாப் கார்டின் முதல் வரியில் நடந்தது. 'கிளட்ச் வழுக்குகிறது' என்று எழுதினால் காசு எங்களுடையது. 'பெல் ஹவுசிங் ஓட்டையில் இன்ஜின் ஆயில் ஒழுகுகிறது, அதனால் கிளட்ச் வழுக்குகிறது' என்று எழுதினால் காசு கம்பெனியுடையது.

அட்வைசர் இரண்டாவது வரியை எழுத மறுத்தார். சிஸ்டத்தில் அப்படி எழுத இடமில்லை, பட்டியலில் இருந்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இரண்டு டீ. கடைசியில் பிரின்ட் எடுத்த காகிதத்தின் ஓரத்தில் நானே பேனாவால் எழுதி, அவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். ஊசி நுனிச் சொட்டை ஹவர் மீட்டரோடு சேர்த்து வீடியோ எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசினார்கள், அது எனக்கு ஆச்சரியம்.

வக்கீல் வேலை பார்க்கிற சித்தப்பா மகனிடம் அந்த மூன்றாவது கேள்வியைச் சொன்னேன். அப்போதுதான் அதன் விஷமம் தெரிந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கின பொருள் என்றால் நாம் நுகர்வோரே கிடையாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வைத்திருந்தால் அந்த விலக்கு பொருந்தாது, ஆனால் அதை வாதாடி நிற்க வேண்டும். அப்பா வாய்தவறி 'எப்பவாவது வாடகைக்கும் போகும்' என்று சொல்லியிருந்தால் அதுவும் எங்கேயாவது ஒரு கட்டத்தில் டிக் ஆகியிருக்கும். அவன் இன்னொன்றும் சொன்னான். 2019 சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, பொருளை எங்கே வாங்கினாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்கு இரண்டும் பாலக்காடுதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் பக்கம் வாங்குகிறவர்களுக்கு, இந்தப் பக்கம் இருந்துகொண்டு கோவையில் ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்களுக்கு, இது பெரிய விஷயம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வழக்கு வரைக்கும் போகவில்லை. மே மாதம் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் இன்ஜினீயர் வந்தார். எங்கள் முன்னால் பிரிக்க வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். முன்பாகம் ஒரு ஸ்டாண்டில், பின்பாகம் ஒரு ஜாக்கியில், நடுவில் இரண்டடி இடைவெளி. பிளேட்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது அப்பா கையில் வாங்கிப் பார்த்தார். லைனிங் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. மேலே கறுப்பாக, தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்து ஏறின மாதிரி ஒரு பளபளப்பு. அப்பா ஒன்றும் பேசவில்லை. அட்வைசர் பக்கம் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அவ்வளவுதான்.

சீல் இலவசம், கூலி இலவசம். பிளேட்டுக்கு மட்டும் 'குட்வில்' அடிப்படையில் பாதி விலை நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். தப்பு அவர்களுடையது, நல்ல மனசும் அவர்களுடையது, பாதிக் காசு எங்களுடையது. மேலும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. கட்டினேன்.

அன்று பிரித்துக்கொண்டிருந்த பையன் வடகரப்பதிக்காரன், தமிழ்ப் பையன். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். "காசு வேலைன்னா அன்னைக்கே பில்லுங்ணா. வாரன்டி வேலைன்னா போட்டோ எடுக்கணும், பழைய பார்ட்டுக்கு டேக் கட்டணும், கம்பெனி எத்தன மணி நேரம்னு போட்டிருக்கோ அவ்வளவுக்குத்தான் கூலி. போல்ட்டு துரு புடிச்சு நின்னாலும் அதே நேரக் கணக்குதான். ரிஜெக்ட் ஆனா முதலாளி எங்களப் பாப்பாரு." அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த அவசரத்தின் பலனை ஜூலையில் நாங்கள் அனுபவித்தோம்.

புது சீல் போட்டு அறுபத்தைந்து மணி நேரம்தான் ஓடியிருக்கும். அதற்குள் மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார், ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஓட்டைக்கு நேர் கீழே ஓர் அட்டையை வை என்று. ஆடி முதல் வாரம் ஒரு காலை அட்டையில் ஒற்றை ரூபாய் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம்.

மறுபடியும் வேப்பமரம், மறுபடியும் நோக்காம். இந்த முறை ஜாப் கார்டின் முதல் வரியை நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள், அந்த அளவு மரியாதை வந்திருந்தது. ஆனால் பார்ட்டும் ஆளும் வர ஆவணி ஆகிவிட்டது. பிரித்தால், சீலின் உள் விளிம்பு ஒரு பக்கம் மடிந்திருந்தது. அந்த விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசு. எண்ணெய் தடவி, நேராக வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும், அவசரத்தில் ஒரு பக்கமாக அடித்தால் மடியும். நகத்தால் நிமிர்த்திப் பார்த்தேன். நிமிர்ந்தது, விட்டதும் பழையபடி மடிந்தது.

வண்டி ஒர்க் ஷாப்பில் நின்றுகொண்டிருந்தபோதே ஆகஸ்ட் கடைசியில் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இந்தச் சீலுக்கு இனி வாரன்டி உண்டா என்று கேட்டேன். அட்வைசர் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். வாரன்டியில் மாற்றின பாகத்துக்குத் தனி வாரன்டி கிடையாது, மூல வாரன்டியில் மிச்சமிருப்பது மட்டுமே. மிச்சம் எவ்வளவு? ஒன்றும் இல்லை. நின்ற நாளைக் கழிக்க மாட்டார்களா? அதற்கு ஒரு வரியும் அந்தப் புத்தகத்தில் இல்லை.

"எந்தெங்கிலும் வந்தால் விளிக்கு சேட்டா" என்றார் அட்வைசர். ஏதாவது வந்தால் கூப்பிடுங்கள். "நோக்காம்."

1915 வழியாகத் தொடர்ந்து எழுதினதில் பிளேட்டின் பாதி விலை திரும்ப வந்தது. வாடகை ட்ராக்டருக்குக் கொடுத்த 38,000 பற்றிக் கேட்டதற்கு, 'மறைமுக இழப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஒற்றை வரியில் பதில். அதற்கு வழக்குப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. நான் போடலாம் என்கிறேன். 200 ரூபாய்தானே. அப்பா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாலக்காடு போக யார் டீசல் போடுவது என்கிறார்.

வண்டி வீட்டுக்கு வந்த வாரம்தான், செப்டம்பர் 22 முதல் ட்ராக்டருக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், எங்கள் வாடகைக் காசு வாங்கினவர், புது வண்டி புக் பண்ணிவிட்டு வந்து இனிப்புக் கொடுத்தார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அட்டை இப்போதும் ஷெட்டில்தான் கிடக்கிறது. விடிந்ததும் அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறார், அவருக்கு முன்னால் ஆத்தா திண்ணையிலிருந்து குரல் கொடுத்துவிடுகிறாள்.

"ஏண்டா, சொட்டிச்சா?"

"இல்லீங் ஆத்தா."

"நல்லாப் பாரு."

அப்பா மறுபடி குனிந்து பார்க்கிறார்.